பதிவாக மறுத்த வரி

பொய்யை நம்ப வைப்பதுதான் என் பிழைப்பு. துப்பறியும் நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக மாற்றித் திரைக்கதையும் வசனமும் எழுதுகிறேன். நடக்காத கொலையை நடந்ததாகக் காட்டச் சொன்னால் அரை நாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் பழக்கமில்லை. அதனால் இதில் ஜோடனை எதுவும் கிடையாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் நடந்தது. என் கண் முன்னால் நடந்தது. கூடவே இருந்த என் தம்பி இன்றைக்கும் அந்த அறைக்குள் தனியாகப் போவதில்லை.

இன்னொன்று. பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் என்று எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே எந்நேரமும் ராத்திரிதான்.

கூடம் என் தம்பியுடையது. அவன் ஒலிப்பதிவாளன். மொத்தம் இரண்டு அறைகள், நடுவில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கம் அவனும் அவன் இயந்திரங்களும். அந்தப் பக்கம் ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு சின்னத் திரை. நடிகர்களுக்குக் குரல் கொடுப்பவர்கள் அங்கே உட்கார்ந்து, திரையில் அசையும் உதட்டைப் பார்த்துப் பேசுவார்கள். சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்திருக்கும். கதவு ஒரு சாண் கனம். உள்ளே ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் மைக் வழியாக வந்தால்தான் நமக்குக் கேட்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாவலைத் தொடராக எடுக்கும்போது கொலையாளியை மாற்றிவிடுவோம். வேறு வழியில்லை. புத்தகம் படித்தவர்கள் முதல் வாரமே, "அந்த டிரைவர்தான் கொன்னான்" என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் யார் பார்ப்பார்கள்? அதனால் நாவலில் டிரைவர் என்றால் தொடரில் வக்கீல். நாவலில் மருமகள் என்றால் தொடரில் மாமனார். படித்தவர்களும் கடைசி நாளில் வாயைப் பிளப்பார்கள். இதை ஒரு பெரிய சாமர்த்தியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் எடுத்ததெல்லாம் ஒரே எழுத்தாளரின் நாவல்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல், சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஐம்பது கொலைகளை எழுதித் தள்ளிய பெண்மணி. யூனிட்டில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. ஆளை மாற்றுகிறோம் என்று முதல் முறை தயங்கித் தயங்கி நான் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாராளமா மாத்திக்கோ. ஆனா துப்பு அந்த ஆள் வாசல்லதான் போய் நிக்கணும். பாவப்பட்டதுங்க தலையில கட்டிட்டுப் போயிடாத. அப்புறம் நான் செத்தாலும் வந்து கேப்பேன்."

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. கைக்குள் எப்போதும் ஒரு நீல நிற இன்ஹேலர் இருக்கும். பேச்சின் நடுவே வாயில் வைத்து ஒரு அழுத்து. 'டிக்... ஸ்ஸ்ஸ்.' பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். ஒவ்வொரு தொடரின் தொடக்கத்திலும் அவர் குரலிலேயே ஒரு முன்னுரை வரும். அதைப் பதிவு செய்யும்போதெல்லாம் அந்த 'டிக்... ஸ்ஸ்ஸ்' சத்தத்தையும் மூச்சின் இரைப்பையும் தம்பி பொறுமையாக வெட்டி எடுப்பான்.

"என் மூச்ச வெட்டுறதுக்குன்னே பொறந்திருக்கான்டி உன் தம்பி" என்பார் என்னிடம்.

மூன்று தொடர்கள் அப்படிப் போயின. நான்காவது தொடருக்கான நாவல் அச்சுக்குப் போன சமயத்தில் பெரியக்கா இறந்துபோனார். ஒரு மத்தியான வேளை, வீட்டில், தன் அறையில். மூச்சுத் திணறல். கையில் இன்ஹேலர் இருந்தது. அது காலியாக இருந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

புத்தகங்களின் உரிமை எல்லாம் அவருடைய கூடப்பிறந்த தம்பிக்குப் போனது. அதே வீட்டில் மாடியில் இருந்தவர். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் தேன். எனக்கென்னவோ அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஒரு பழக்கம் அவருக்கு. எந்த அறைக்கு வந்தாலும் உடனே தட்ட மாட்டார். கொஞ்ச நேரம் கதவுக்கு வெளியே சும்மா நிற்பார். எங்கள் கூடத்தின் வெளிக்கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் அவர் காது தெரியும். முகம் இல்லை... காது.

நான்காவது நாவலின் கதை இதுதான். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இதய நோயாளி. யாரோ அவருடைய மாத்திரைகளை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் சத்து மாத்திரைகளை வைத்துவிடுகிறார்கள். நெஞ்சு வலி வரும் நேரத்தில் அவர் வெறும் சத்து மாத்திரையை விழுங்கிச் சாகிறார். நாவலில் கொலையாளி, நீதிபதியின் சொந்தத் தம்பி.

சின்னவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, இதமாகச் சொன்னார்.

"வழக்கப்படி ஆள மாத்துவீங்கல்ல? நர்ஸுன்னு வச்சிடுங்க. பொருத்தமா இருக்கும்."

பெரியக்காவின் கதையில் வேறு யாரும் கொலையாளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில்லை. எனக்கு வேலை மிச்சம் என்றுதான் பட்டது. சரி என்றேன். நாவலில் கொலையாளி பேசும் ஒரு வரி மட்டும் அருமையாக இருந்தது. அதைத் தொடவில்லை. நீதிபதியின் தம்பி வாயிலிருந்து பிடுங்கி நர்ஸின் வாயில் வைத்தேன்.

நர்ஸின் மேல் சந்தேகம் விழும்படி வெட்டிய முன்னோட்டம் ஒளிபரப்பான மறுநாள் ஒரு பெண்மணி கூடத்து வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் நடந்தே வந்திருந்தார். பெரியக்காவைக் கவனித்துக்கொண்ட நர்ஸம்மா.

"என்னைக் கொலைகாரி ஆக்கிடாதீங்கம்மா."

"இது கதைம்மா. உங்களப் பத்தி இல்ல" என்றேன்.

"நீங்க சொல்றீங்க. பாக்கறவங்க சொல்லுவாங்களா?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அன்றைக்குக் காலையில்தான் புது இன்ஹேலர் ஒன்றைப் பிரித்தாராம். பிரித்த தேதியைப் பேனாவால் அதன் பக்கவாட்டில் எழுதிவிடுவது அவர் பழக்கம். எழுதி, மேஜையில் வைத்திருக்கிறார். காலியான பழையதைக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறார். மத்தியானம் சின்னவர் அவரை மருந்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்.

"திரும்பி வரேன்... அக்கா போயிட்டாங்க. கையில அந்தப் பழசு இருக்கு. குப்பையில போட்டேனே, அது. புதுசத் தேடாத இடமில்ல. கெடைக்கவேயில்ல. நான் மறந்துட்டுப் பொய் சொல்றேன்னுட்டாங்க. இப்ப எந்த வீட்லயும் என்னை உள்ள விடறதில்லம்மா. டிவிலயும் நர்ஸுதான் கொன்னான்னு வந்துட்டா... அவ்வளவுதான். என் சோத்துல மண்ணுதான்."

படப்பிடிப்பு முடிந்துவிட்டது, என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்து வருடமாகத் துப்பறியும் கதை எழுதுகிறவள் நான். துப்பு நடந்தே வந்து என் வாசலில் நிற்கிறது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஆளை மாற்றுவது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. எதற்காக மாற்றச் சொல்கிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை பத்து ஐம்பது. கடைசிப் பகுதிக்குக் குரல் சேர்க்க உட்கார்ந்தோம். நர்ஸாக நடித்த நடிகைக்குக் குரல் கொடுப்பவளை நாங்கள் மைனா என்று கூப்பிடுவோம். கெட்டிக்காரி. இரண்டாவது முறை பேசவே தேவைப்படாது. துப்பறிவாளர் கேட்கிறார், நர்ஸ் தலைகுனிந்து நிற்கிறாள், பிறகு நிமிர்ந்து அந்த வரியைப் பேச வேண்டும். பெரியக்கா எழுதிய வரி.

"நான்தான் செஞ்சேன். மருந்த மாத்தி வச்சது நான்தான். மூச்சு நிக்கிற வரைக்கும் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

மைனா பிரமாதமாகப் பேசினாள். எனக்கே மயிர் கூச்செறிந்தது. தம்பி கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, பதிவைத் திரும்ப ஓடவிட்டான்.

முன்னால் பேசியது இருந்தது. பின்னால் பேசியது இருந்தது. அந்த வரி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால்... ஒரே ஒரு சத்தம்.

டிக்.

"கேபிள் ஆடுது போல" என்றான் தம்பி. மாற்றினான். மறுபடி பேசினாள். மறுபடி ஓடவிட்டோம்.

டிக்... டிக்...

மைக்கையே மாற்றினான். மைனா சலித்துக்கொண்டே மூன்றாவது முறை பேசினாள். அந்த இடத்தில் மட்டும் மௌனம். மௌனத்துக்குள் அந்தச் சத்தம், இப்போது வேகமாக. டிக். டிக். டிக். யாரோ அவசர அவசரமாக எதையோ அழுத்துவதுபோல்.

எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே என்று பிடிபடவில்லை. ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றியது. அந்த 'டிக்'குக்குப் பின்னால் இன்னொரு சத்தம் வர வேண்டும். அது வரவில்லை.

"என்னக்கா?" என்றான் தம்பி, திரும்பாமலே.

"என்னடா?"

"தம்பின்னு கூப்பிட்டியே."

"நான் கூப்பிடல."

திரும்பிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுகிறவள் இல்லை. டேய் என்பேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

நான்காவது முறை. மைனா பேச வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள்.

"அக்கா... நீங்களா பேசுனீங்க?"

பட்டனை அழுத்தி, "இல்லையே, என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"அவ இல்ல... அவ இல்லன்னு... யாரோ மூச்சு வாங்கிக்கிட்டே..."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. கைப்பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. டிக்... ஸ்ஸ்ஸ். இன்ஹேலர். மருந்து இருந்தால் 'ஸ்ஸ்ஸ்' வரும். காலியாக இருந்தால்... வெறும் டிக்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நர்ஸம்மா சொன்னது, நாவலில் இருந்தது, சின்னவர் சொன்னது, மூன்றும் ஒன்றாக வந்து மண்டையில் இடித்தன. சின்னவரின் புத்தி தெரிந்துதானோ என்னவோ, சாகும் முன் எழுதிய கடைசிக் கதையில் கொலைகாரன் யாரென்று பெரியக்கா எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார். ஊரே படித்தது. கதைதானே என்று மூடி வைத்தது. நான் அதைவிட மேல். கொலைகாரனுக்காக ஆளையே மாற்றிக் கொடுத்திருக்கிறேன்! என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த ஆள்மேல் வந்ததைச் சொல்லவே வேண்டாம்.

சின்னவருக்குப் போன் செய்தேன்.

"நாவல்ல இருக்கறபடியே முடிக்கப் போறேன். தம்பிதான் கொலையாளி."

அதே இதமான குரல்.

"நாளைக்கு வரேன். நீங்க ஒண்ணும் மாத்தாதீங்க."

மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு வட்டக் கண்ணாடியில் அந்தக் காது தெரிந்தது. நின்றது... நின்றுகொண்டே இருந்தது. நான் போய்ச் சட்டென்று கதவைத் திறந்தேன். அசடு வழியாமல் சிரித்தார்.

தம்பி பதிவுகளைப் போட்டுக் காட்டினான். மௌனம். டிக். டிக். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் 'டிக்'கில் அவர் கண் இமை ஒரு தடவை துடித்தது. அவ்வளவுதான்.

"மெஷின் கோளாறு" என்றார்.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு சார்" என்றான் தம்பி.

"அந்தப் பொண்ணுக்குப் பேசத் தெரியல. இதுல என்ன பூதம் இருக்கு? நான் பேசறேன், பதியுதா இல்லையா பாருங்க."

உண்மையிலேயே சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனார். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கனமான கதவு பொத்தென்று மூடிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். தாளைப் பார்த்தார். தம்பி பதிவைத் தொடங்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான்தான் செஞ்சேன்" என்றார் சின்னவர். "மருந்த மாத்தி வச்சது நான்தான். மூச்சு நிக்கிற வரைக்கும் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

தம்பி என் கையைப் பிடித்தான். இயந்திரத்தின் திரையைக் காட்டினான்.

ஒலி அலை ஏறி இறங்கி, ஒரு எழுத்து விடாமல் விழுந்திருந்தது.

வேறு எந்த வாய்க்கும் பதியாத வரி... அந்த வாய்க்குப் பதிந்துவிட்டது.

அதோடு ஸ்பீக்கர் அடங்கியது. முழுக்க. இயந்திரத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன, பதிவு ஓடிக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் எங்களுக்கு வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவர் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார். யாரோ பேசுவதைக் கவனமாகக் கேட்பதுபோல். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவர் தலை மெல்லத் திரும்பியது. கதவின் பக்கம்.

கதவுக்கு வெளியே வேறு யாரும் இல்லை. அங்கே நாங்கள்தான் இருந்தோம். ஆனால் அவர் கதவைப் பார்த்த பார்வை... வெளியே நின்று ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று தெரிந்தவரின் பார்வை.

எழுந்தார். தடுமாறினார். சட்டைப் பையில் கை விட்டார்.

கை வெளியே வந்தது. அதில் நீல நிறமாக ஏதோ இருந்தது.

உதடு அசைவுக்கு வசனம் எழுதி எழுதி, சத்தம் இல்லாமலே பேச்சைப் படிக்க எனக்கு வரும். இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த வரமோ சாபமோ, தெரியவில்லை. அவர் உதட்டைப் படித்தேன்.

"அக்கா..."

தம்பி கதவுக்குப் பாய்ந்தான். கனமானாலும் ஒரு கையால் இழுத்தாலே திறக்கும் கதவு. இரண்டு கையாலும் இழுத்தான். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். அசையவில்லை.

"வேணாங்க்கா..."

நீலப் பொருளை வாயில் வைத்தார். அழுத்தினார். மறுபடி. மறுபடி.

"புதுசுதானே... முழுசா இருக்கே... ஏன் வரல..."

முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

கண்ணாடியில் ஒரு ஓரம் பனி பிடித்தது.

அவர் பக்கம் இல்லை.

எங்கள் பக்கம்.

என் காதுக்குப் பக்கத்தில்.

யாரோ... கண்ணாடிக்கு மிக அருகில் நின்று... பொறுமையாக...

மூச்சு விட்டார்கள்.

சின்னவர் விழுந்தார்.

கதவு தானாகத் திறந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூச்சு அடைத்துச் செத்திருக்கிறார் என்றார்கள். ஆஸ்துமா உண்டா என்று கேட்டார்கள். ஒரு தும்மல்கூடப் போட்டுப் பார்த்ததில்லை என்று சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. பரிதாபமும் வரவில்லை. கல் நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நர்ஸம்மா வெயிலில் நடந்து வந்து நின்றதுதான் என் கண்ணுக்குள் இருந்தது.

சின்னவரின் விரல்களைப் பிரித்து அந்த இன்ஹேலரை எடுத்தார்கள். பக்கவாட்டில் பேனாவால் ஒரு தேதி. பெரியக்கா இறந்துபோன தேதி. விசாரணைக்குப் போலீஸார் நர்ஸம்மாவை அழைத்து வந்தார்கள். மேஜையில் வைத்ததும் கண்டுகொண்டார்.

"இதுதான். நான் எழுதுன எழுத்துதான். இதத்தான் தேடுனேன்."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். இத்தனை காலம் யாரும் நம்பாத வார்த்தையை ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்து நிரூபித்தது. இப்போது அவர் மறுபடி வேலைக்குப் போகிறார்.

அதைக் கொலைக்கு அடையாளமாக அந்த ஆள் இத்தனை நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாரா? அல்லது அன்றைக்குத்தான்... அது அவர் பைக்குள் வந்ததா? எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இன்ஹேலரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. எத்தனை முறைக்கு மருந்து மிச்சம் இருக்கிறது என்று அதில் எண் தெரியும். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒன்று குறையும். அந்த ஆள் அழுத்தியதை நான் பார்த்தேன். தம்பி பார்த்தான். பதிவிலும் இருக்கிறது. டிக், டிக், டிக் என்று, நிறுத்தாமல். 'ஸ்ஸ்ஸ்' இல்லாமல்.

எண் ஒன்றுகூடக் குறையவில்லை. புதிதாகப் பிரித்தபடியே இருந்தது. அதிகாரி எங்கள் முன்னாலேயே ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

'டிக்... ஸ்ஸ்ஸ்' என்று மருந்து வந்தது.

உரிமை பதிப்பாளர் கைக்குப் போனது. தொடரை நாவலில் இருந்தபடியே முடிக்கச் சொன்னார்கள். நீதிபதியின் தம்பியாக நடித்தவரை வரவழைத்து, கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி படமாக்கினோம். என் தம்பி கூடத்துக்குள் வர மறுத்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அந்த நடிகருக்குச் சொந்தக் குரலே நன்றாக இருக்கும். பேசினார்.

அந்த வரி பதியவில்லை.

எத்தனை முறை பேசினாலும் பதியவில்லை. ஒளிபரப்புக்கு ஒரு நாள்தான் மிச்சம். எங்களிடம் அந்த வரி பதிவான குரல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எடுத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தான். வேறு ஒருவர் வாய், வேறு ஒரு நாள், வேறு ஒரு முகம். உதடு இம்மி பிசகாமல் பொருந்தியது.

நீங்கள் தொடரைப் பார்த்திருந்தால் அந்த இடத்தைக் கேட்டிருப்பீர்கள். கொலையாளி எவ்வளவு இயல்பாக ஒப்புக்கொள்கிறான் என்று பலரும் பாராட்டினார்கள். நடிப்பு இல்லை அது. சின்னவரின் குரல்.

இனி மறுபடி போடும்போது சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். அவர் பேசி முடித்ததும் ஒரு மூச்சுச் சத்தம் வரும். இரைப்பு இல்லாமல், இழுப்பு இல்லாமல், ஆற அமர ஒருவர் விடும் மூச்சு. அறைக்குள் அப்போது சின்னவரைத் தவிர யாரும் இல்லை. அவரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹெட்போனில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

வெட்டிவிடட்டுமா என்று கேட்பான் என நினைத்தேன். தம்பி கேட்கவில்லை. இந்த ஒரு தடவை பெரியக்காவின் மூச்சை அவன் வெட்டவில்லை.